மலையகக் குளிர் இருக்க, கொலம் ஓவன் எதற்கு?

கேள்வி: தலவாக்கலையில், தேயிலையிலுள்ள கெட்டக்கின் என்ற பதார்த்தங்களை அளக்கும் சிறிய ஆய்வுகூடம் நடத்துகிறோம். கலவையை மெல்லிய குழாயில் ஓட்டிப் பதார்த்தங்களைப் பிரிக்கும் கேபிலரி எச்.பி.எல்.சி. கருவி ஒன்றுக்கு விலை கேட்டோம். பிரிந்து வரும் பதார்த்தம் மின்வாயில் ஒட்சியேறும்போது எழும் மின்னோட்டத்தை அளக்கும் மின்னிரசாயன டிடெக்டருடன் அது வரும். பிரிக்கும் குழாயான கொலத்தை ஒரே வெப்பநிலையில் வைக்கும் கொலம் ஓவனுக்குத் தனிக் காசாம். "உங்கள் ஊர் குளிர்தானே, ஓவன் இல்லாமலே ஓடும்" என்கிறார் விற்பனையாளர். அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். உங்கள் ஊரின் குளிர் ஒரே நிலையில் நிற்பதில்லையே! விடியலில் பனிமூட்டத்தோடு 12 பாகையில் கிடக்கும் அறை, வெயில் ஏறினால் மத்தியானம் 22க்கு வந்துவிடும். ஒரு பாகை மாறினாலே பதார்த்தம் கொலத்தில் தங்கும் நேரம் 1 முதல் 2 சதவீதம் நகரும். மூலக்கூறுகள் மின்வாய்க்குப் பரவி வரும் வேகமும் மாறுவதால், மின்னோட்டம் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும் அல்லது குறையும். காலையில் ஓட்டிய நியமக் கரைசலை (செறிவு தெரிந்த கரைசலை) வைத்து மத்தியான மாதிரியைக் கணக்கிட்டால், விடை ஐந்தில் ஒரு பங்கு பிழைத்துவிடலாம்.

ஹட்டனில் இப்படியொரு கருவியோடு வேலை செய்திருக்கிறேன். ஜன்னலோர மேசை. மேகம் விலகி வெயில் விழுந்ததும் திரையில் அடிக்கோடு, அதாவது பதார்த்தம் எதுவும் வராதபோது தெரியும் கோடு, மெல்ல மேலே ஏறும். மின்வாய் இருக்கும் சிறு கூடான டிடெக்டர் செல்லை உள்ளங்கையால் பொத்தினாலும் அதேதான். ஜன்னலுக்குச் சாக்கு கட்டித்தான் சமாளித்தோம்.

சரி, ஓவன் வாங்கும்போது ஒன்றை அழுத்திக் கேளுங்கள்: டிடெக்டர் செல்லும் ஓவனுக்குள்ளேயே இருக்குமா? கேபிலரியில் நிமிடத்துக்குச் சில மைக்ரோலீற்றர்தான் ஓடும். வெளியே சில சென்ரிமீற்றர் குழாய் இருந்தாலே திரவம் அறைக்குளிருக்கு இறங்கிவிடும். குழாய் நீண்டால், திரையில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எழும் உச்சிகளும் அகன்றுபோகும். குளிரூட்டும் வசதியுள்ள விலை கூடிய ஓவன் உங்களுக்குத் தேவையில்லை. சூடாக்க மட்டும் செய்யும் ஓவன் அறையைவிட 5 பாகையாவது மேலே இருந்தால்தான் நிலையாக நிற்கும். 35இல் வைத்தால் உங்கள் ஊரில் தாராளம். அந்த மிச்சத்தில், திரவத்தில் கரைந்த காற்றை நீக்கும் டீகாஸர் வாங்குங்கள். சூடான திரவத்திலிருந்து பிரியும் காற்றுக்குமிழி செல்லில் மாட்டினால் கோடு குத்திக் குத்தி எழும். மின்வெட்டுக்குப் பிறகு அடிக்கோடு அடங்க மணிக்கணக்காகும் என்பதால் யூ.பி.எஸ்ஸும் அவசியம்.

அப்புறம், கஃபீனும் அளக்க நினைத்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். கெட்டக்கின் போல அது இலகுவில் ஒட்சியேறாது, அதற்குப் புறஊதா ஒளியால் அளக்கும் யூ.வி. டிடெக்டர் வேண்டும்.

முழுப் பணமும் கட்டுமுன், உங்கள் அறையிலேயே ஒரே நியமக் கரைசலைக் காலை ஆறு மணி தொடங்கி மத்தியானம் வரை மணிக்கொரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இந்த நிபந்தனையைக் கொள்வனவுக் கட்டளையிலும் எழுதிவிடுங்கள்.