முயல் படம் போதுமா? டியோடரண்ட் நிறுவனங்களின் நேர்மை: கேள்வி பதில்

ஒப்பனைப் பொருள் தொழிற்சாலை ஒன்றின் மூலப்பொருள் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

கோவை வாசகி: டப்பாவில் ‘விலங்குகளிடம் சோதிக்கப்படவில்லை’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

நம்பலாம், பாராட்டத்தான் வேண்டியதில்லை. ஒப்பனைப் பொருட்களை விலங்குகளிடம் சோதிப்பதை இந்தியா 2014 மே மாதத்தில் தடைசெய்தது. அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியும் அதே ஆண்டு நவம்பரில் நின்றது. ஆகவே இந்த வாசகம், ‘எங்கள் தராசு சரியாக இருக்கும்’ என்று மளிகைக் கடைக்காரர் பலகை மாட்டுவதைப் போன்றது. ஸ்ப்ரே டப்பாக்களில் வரும் ‘ஓசோனுக்குக் கேடில்லை’ என்பதும் இதே ரகம். கேடு செய்த குளோரோஃப்ளூரோகார்பன் வாயுக்களை 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் எப்போதோ ஓரங்கட்டிவிட்டது. இப்போது டப்பாவுக்குள் இருப்பது பெரும்பாலும் பியூட்டேனும் புரொப்பேனும்தான்.

திருச்சி வாசகர்: விலங்குச் சோதனை இல்லை என்று காட்ட டப்பாவில் போடும் முயல் படங்கள் பலவிதமாக இருக்கின்றனவே?

‘லீப்பிங் பன்னி’ முத்திரை கேட்பது அதிகம். மூலப்பொருள் விற்பவர்கள் வரை கண்காணிப்பு முறை இருக்க வேண்டும், வெளியார் தணிக்கைக்கும் சம்மதிக்க வேண்டும். பீட்டா அமைப்பின் பட்டியல் பெரிதும் நிறுவனம் எழுதித் தரும் உறுதிமொழியை நம்பி நிற்கிறது. இரண்டிலும் சேராமல், ஓவியரிடம் சொல்லி வரையவைத்த முயல்களும் உண்டு. அவை முயல் என்பதைத் தவிர வேறெதற்கும் சான்றில்லை.

சென்னை வாசகி: பெரிய நிறுவனங்களே வேண்டாம் என்று, சிறிய ‘இயற்கை’ பிராண்டுகளாகப் பார்த்து வாங்குகிறேன். சரிதானே?

டப்பாவின் பின்புறத்தில் உள்ள பொடி எழுத்தைப் படித்துவிட்டீர்களா? அமெரிக்க ‘இயற்கை’ பிராண்டுகளையே பாருங்கள்: டாம்ஸ் ஆஃப் மெய்ன் 2006இல் கோல்கேட்-பாமோலிவ் கைக்குப் போனது. நேட்டிவை 2017இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் வாங்கியது, ஷ்மிட்ஸை அதே ஆண்டு யூனிலீவர். டப்பா மாறவில்லை, லாபம் போகும் இடம் மாறிவிட்டது.

இதை நான் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், பிராண்டுக்கு ஒரு முகமும் உரிமையாளருக்கு வேறொரு முகமும் இருக்க முடியும். டவ் 2018இல் பீட்டாவின் சான்றைப் பெற்றது. அதன் உரிமையாளர் யூனிலீவர். யூனிலீவரின் இந்திய நிறுவனம் கொடைக்கானலில் நடத்திய பாதரச வெப்பமானி ஆலை, அவ்வூரின் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கிடந்ததை மக்கள் அம்பலப்படுத்திய பிறகு, 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்படிக்கை கையெழுத்தானது 2016இல். ஆலையால் தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என்பதே நிறுவனத்தின் வாதம். டவ் டப்பாவில் முயலுக்கு இடம் இருக்கிறது, கொடைக்கானலுக்கு ஏது இடம்? நிறுவனத்தை மதிப்பிடும்போது இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறேன்.

சேலம் வாசகர்: செயற்கை வாசனை தவறு, இயற்கையானதே நல்லது என்கிறார்களே?

கஸ்தூரியைக் கேளுங்கள், சொல்லும். ஆண் கஸ்தூரி மானின் வயிற்றடிப் பையிலிருந்து எடுப்பது. அதற்காகவே மான்களைக் கொன்று தீர்த்தார்கள். புனுகுக்காகப் பூனையைக் கூண்டில் அடைப்பார்கள். இன்று டப்பாவில் ‘மஸ்க்’, அதாவது கஸ்தூரி, என்று இருந்தால் அது அநேகமாக ஆய்வகத்தில் பிறந்தது. அதுவே நல்லது.

ஈரோடு வாசகி: பாமாயில் இதில் எங்கே வருகிறது?

குச்சி வகை டியோடரண்ட் கெட்டியாக நிற்பதற்குச் சேர்க்கும் ஸ்டியரேட், ஸ்டியரில் ஆல்கஹால் போன்றவற்றில். இவை பெரும்பாலும் பாமாயிலிலிருந்து வருபவை; ஸ்டியரேட் மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம், பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கள் கிடங்குக்கு வரும் மூட்டைகளில் ‘மாஸ் பேலன்ஸ்’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சான்று பெற்ற தோட்டத்து எண்ணெயும் பெறாத தோட்டத்து எண்ணெயும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டன, கணக்கில் மட்டும் பிரித்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். பொய் இல்லை. ஆனால் உங்கள் கையில் இருக்கும் குச்சிக்காகக் காடு அழியவில்லை என்று அந்தச் சீட்டு சொல்லவும் இல்லை. ‘தனியாகப் பிரித்தது’ என்ற சான்று உள்ளதா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

மதுரை வாசகி: விளம்பரத்தையும் கணக்கில் எடுக்கலாமா?

கட்டாயம். கூட்டுப் பாலியல் வன்முறையை நகைச்சுவையாக்கிய ‘லேயர் ஷாட்’ வாசனை ஸ்ப்ரே விளம்பரங்களை 2022 ஜூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே நீக்கச் சொன்னது. அதற்கு ஒப்புதல் கொடுத்த மேசையில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் யோசித்தேன்.

நெல்லை வாசகர்: அலுமினியம் இல்லாத ‘கிரிஸ்டல்’ டியோடரண்ட் நல்லதா?

அது நம் படிகாரம், தம்பி. வேதியியல் பெயர் பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். பெயரிலேயே அலுமினியம் உட்கார்ந்திருக்கிறது. அலுமினியத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்பது நிறுவப்படவில்லை, அதனால் பயம் வேண்டாம். ஆனால் ‘அலுமினியம் இல்லை’ என்று எழுதிப் படிகாரத்தை விற்பவரை வேறு எந்த விஷயத்திலும் நான் நம்ப மாட்டேன்.

அதே வாசகர்: அப்படியானால் நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

படிகாரம்தான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. இது எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டேன். திருஷ்டிக்கா, சவரத்துக்கா என்று அவர் திருப்பிக் கேட்டார்.