பனியில் மணாலி, கோடையில் குன்சும்: எந்த டிரைவ் வாங்கலாம்?

கேள்வி: சண்டிகரில் வேலை பார்க்கிறேன். ஜனவரியில் மணாலி, கோடையில் குன்சும் கணவாய் வழியாக ஸ்பிதி என்று போய்வர ஆசை. இருப்பது முன்சக்கர டிரைவ் கார். அதை விற்றுவிட்டு நான்கு சக்கரத்துக்கும் தானாகவே விசை போகும் ஆல் வீல் டிரைவ் வாங்கலாமா, இல்லை ஜிம்னி, தார் மாதிரி வேண்டும்போது நாமே நான்கு சக்கர இழுவையைப் போட்டுக்கொள்ளும் ஃபோர் பை ஃபோர்தான் வேண்டுமா?
— ஒரு வாசகர், சண்டிகர்

பதில்: வண்டி கிளம்புவது வேறு, நிற்பது வேறு. நான்கு சக்கரமும் இழுத்தால் வழுக்கும் ஏற்றத்தில் ஏறிவிடலாம், சரி, ஆனால் பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. இறக்கத்தில் பனிக்கட்டி மேல் போகும்போது உங்களைக் காப்பாற்றுவது டயர்தான். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்துவிடும். பனி பெய்த நாட்களில் மணாலியைத் தாண்டி சோலாங், அடல் சுரங்கம் பக்கம் ஃபோர் பை ஃபோரையும் டயரைச் சுற்றிப் பனிச் சங்கிலி மாட்டிய வண்டியையும் மட்டுமே போலீஸ் விடுவது வழக்கம். ஆகவே மணாலிக்காக மட்டும் என்றால் காரை விற்க வேண்டாம். சங்கிலி வாங்கி, இழுக்கிற முன்சக்கரங்களில் மாட்ட வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளுங்கள். அங்கே விரல் விறைத்துப்போகும்போது கற்றுக்கொள்ள முடியாது.

குன்சும் வேறு கதை. 4,500 மீட்டருக்கு மேல் உயரம், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கணவாய்க்குப் போகும் வழியில் கிராம்ஃபூவிலிருந்து பாதல் வரை பல இடங்களில் கல்லும் ஓடையும்தான் பாதை. இங்கே தேவைப்படுவது லோ கியர்: வேகத்தைக் குறைத்து, சக்கரத்துக்குப் போகும் விசையைப் பெருக்கி, கல்மேல் மெதுவாக ஏற்றி இறக்கும், இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். மாருதி கிராண்ட் விட்டாரா காரின் ஆல் வீல் டிரைவில் லோ கியர் கிடையாது. ஜிம்னியிலும் ஃபோர் பை ஃபோர் தாரிலும் இருக்கிறது. தாரில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகையும் 2023 முதல் விற்கிறார்கள், விலையைப் பார்த்து அதை எடுத்துவிடாதீர்கள்.

இரண்டு பேர்தான் போவீர்கள் என்றால் நான் ஜிம்னியைச் சொல்வேன். தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம், எடையும் குறைவு. குடும்பத்தோடு மூட்டை முடிச்சும் என்றால் அதில் இடம் பத்தாது. இன்னொன்று, வளைவில் முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரென்ஷியல் ஜிம்னி, தார் இரண்டிலும் இல்லை, காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டினால் வளைவில் கியர் பாகங்கள் இறுகித் தேயும். பனி, சேறு, கல் வந்தால் போடுங்கள், தாண்டியதும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், எந்த வண்டியானாலும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏறினால் பனி உருகி மதியத்துக்குள் தண்ணீர் கூடிவிடும்.