காக்காவும் தாத்தாவும்: ஸ்பீச் தெரபிக்கு அளவு உண்டா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. 'காக்கா'வை 'தாத்தா' என்கிறான். 8 மாதம் வாரம் 2 நாள் ஸ்பீச் தெரபிக்கு அழைத்துப் போனேன். இப்போது ஊர் மாறிவிட்டோம். பழைய இடத்தில் தந்த கடிதத்தில் 'தெரபி தரப்பட்டது, முன்னேற்றம் உண்டு' என்று ஒரே வரி. இது போதாது என்கிறார் புதிய தெரபிஸ்ட். வேறு என்னதான் வேண்டும்?

பதில்: அவர் கேட்பது நியாயம்தான். சீட்டில் 'ஆன்டிபயாடிக் தரவும்' என்று மட்டும் எழுதினால் மருந்துக்கடைக்காரர் என்ன கொடுப்பார்? நானும் பல வருடம் 'ஸ்பீச் தெரபி தேவை' என்று மூன்றே சொல்லில் எழுதி அனுப்பியவன்தான்.

வாரம் 2 நாள் என்பது நீங்கள் போய்வந்த கணக்கு. உள்ளே பையன் 'க'வை எத்தனை முறை சொன்னான் என்பதுதான் மருந்தின் அளவு. வாரன், ஃபே, யோடர் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் இதை ஒரு பெருக்கலாகவே சொன்னார்கள்: ஓர் அமர்வில் எத்தனை முறை, வாரத்துக்கு எத்தனை அமர்வு, மொத்தம் எத்தனை வாரம். வாரம் 2 நாள், 12 வாரம் வந்த இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அமர்வுக்கு 20 முறை சொன்ன பிள்ளைக்கு மொத்தம் 480. 80 முறை சொன்ன பிள்ளைக்கு 1920. கடிதத்தில் மட்டும் இருவரும் ஒன்று! முதல் பிள்ளைக்குப் பேச்சு திருந்தவில்லை என்றால், பயிற்சி தந்த விதம் சரியில்லையா, அளவு பற்றவில்லையா? எழுதி வைக்காவிட்டால் யாராலும் சொல்ல முடியாது.

பார்க்கின்சன் நோயாளிகளுக்கான 'எல்எஸ்விடி லவுட்' குரல் பயிற்சியில் அளவு முதலிலேயே முடிவானது: வாரம் 4 நாள், தினம் 1 மணி நேரம், 4 வாரம். அதையே வாரம் ஒரு நாளாக நீட்டினால் பெயர் அதுவே, சிகிச்சை வேறு.

அதற்காக எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகவும் வேண்டாம். களைத்த பிள்ளை 'தாத்தா'வையே இன்னும் நன்றாகப் பழகிக்கொள்ளும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பழைய இடத்தில் அமர்வுக் குறிப்புகளின் நகல் கேளுங்கள். விட்டுப்போன நாட்களும் அதில் இருக்கட்டும். காது கேட்கும் திறனைச் சோதிக்கவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள். அப்புறம், வீட்டுப் பயிற்சிக்குத் தனியாக ஒரு நோட்டு. தினம் ஒரு வரி போதும்: 'செவ்வாய், 10 நிமிடம். கை, காது, அக்கா. 60 முறை, 42 சரி. நான் வாயைக் காட்டிச் சொன்ன பிறகு.' அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவனாகச் சொன்ன 42 வேறு, உங்களைப் பார்த்துச் சொன்ன 42 வேறு.