குதிரையை வளர்த்தது யார்? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

லெக்சிங்டன் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையைப் பற்றி யூடியூபில் ஒரு காணொளி பார்த்தேன். டாக்டர் வார்ஃபீல்ட் என்பவர் வளர்த்துப் பழக்கிய குதிரை. பார்வை போன பிறகும் மனவுறுதியால் ஓடி எல்லாக் குதிரைகளையும் தோற்கடித்தது என்கிறார்கள். குரூப் 2 தேர்வில் தொடர்ந்து தோற்பவன் நான். பார்த்து அழுதேவிட்டேன். ஒரு குதிரைக்கு இருக்கும் உறுதி நமக்கு ஏன் இல்லை? மறுபடி எழுதலாமா, விட்டுவிடலாமா?

கதிரவன், தேனி

அன்புள்ள கதிரவன்,

அழுததில் தப்பில்லை. ஆனால் அழுவதற்கு முன் கொஞ்சம் விசாரித்திருக்கலாம். லெக்சிங்டன் ஓடியது ஏழே பந்தயம். ஆறில் வெற்றி, ஒன்றில் லெகாம்ப்ட் என்ற குதிரையிடம் தோல்வி. பார்வை மங்க மங்க ஓடியது உண்மைதான். அதனாலேயே 1855-இல் ஓட்டத்தை நிறுத்தினார்கள். அதன் தகப்பன் பாஸ்டனுக்கும் கடைசிக் காலத்தில் கண் தெரியாது. மனவுறுதி, வாழ்க்கைப் பாடம் எல்லாம் காணொளிக்காரர் தன் கையிலிருந்து போட்டது. அந்த விஷயத்தை இதோடு விடுவோம்.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது, ‘டாக்டர் வார்ஃபீல்ட் வளர்த்துப் பழக்கிய குதிரை’ என்ற உங்கள் வரி. சில நாட்களாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள்.

1850-இல் கென்டக்கியில் அந்தக் குட்டி பிறந்தது வார்ஃபீல்டின் பண்ணையில். அதை மறுக்கவில்லை. ஆனால் ‘பழக்கியது’? அவர் வயதான டாக்டர். குட்டியைப் பழக்கி ஓட வைத்தவர் ஹாரி என்ற கருப்பினப் பயிற்சியாளர். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ஊரில் அவரை ‘பர்பிரிட்ஜின் ஹாரி’ என்றார்கள், பழைய எஜமானரின் பெயரை முன்னால் மாட்டி. ஹாரி லூயிஸ் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். குதிரையைப் பந்தயத்தில் ஓடவிடுவதில் அவர் வார்ஃபீல்டின் கூட்டாளியும்கூட. ஆனால் பந்தயத்தில் குதிரையைத் தன் பெயரில் பதிய கருப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. அதனால் அது டார்லி என்ற பெயரில், வார்ஃபீல்டின் கணக்கில், வார்ஃபீல்டின் நிறச் சட்டை போட்ட ஜாக்கியோடு ஓடியது. முதல் இரண்டு பந்தயத்தையும் ஜெயித்தது.

அன்றைய பந்தயம் என்ன மாதிரி என்று தெரிந்தால்தான் ஹாரி செய்த வேலை புரியும். இன்றுபோல் இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயமில்லை. பெரிய பந்தயங்களில் ஒரு சுற்றே நாலு மைல். இரண்டு சுற்று ஜெயித்தால்தான் பரிசு. நடுவில் முக்கால் மணி நேரம்போல இடைவெளி. அந்த நேரத்தில் நுரைதள்ளி நிற்கும் குதிரையின் வேர்வையை வழித்தெடுத்து, கம்பளி போர்த்தி, தசை இறுகிவிடாமல் நடத்திக்கொண்டே இருக்க வேண்டும். கால் சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் வயிறு பிடிக்கும். குறைந்தால் அடுத்த நாலு மைல் ஓடாது. ஜாக்கி சாட்டையை எடுப்பதற்கு வெகுமுன்பே பாதிப் பந்தயம் இங்கே முடிந்திருக்கும்.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? 1853-இல் ரிச்சர்ட் டென் ப்ரோக் என்ற பந்தயக்காரர் கூட்டாளிகளோடு சேர்ந்து, பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே 2,500 டாலருக்கு விலைபேசி முடித்தார். லெக்சிங்டன் என்று பெயர் மாற்றினார். அன்றைய பரிசுப் பணம் யாருக்கு என்று வார்ஃபீல்டுக்கும் டென் ப்ரோக்குக்கும் தகராறு. ஹாரிக்கு அந்தச் சண்டையில் இடமே இல்லை. பழக்கியவன் திடலில் நிற்கும்போதே குதிரை கைமாறிவிட்டது!

அடுத்து நடந்ததெல்லாம் உங்கள் காணொளியிலேயே இருக்கும். நியூ ஆர்லியன்சின் மெட்டேரி திடல், 1855 ஏப்ரல் 2-இல் நாலு மைலை 7 நிமிடம் 19¾ விநாடியில் ஓடியது, 15,000 டாலருக்கு வுட்பர்ன் பண்ணைக்கு விற்கப்பட்டது, 16 ஆண்டுகள் அமெரிக்காவின் முதல்நிலைத் தகப்பன் குதிரை (அதன் குட்டிகள் ஜெயித்த பரிசுப் பணத்தில் முதலிடம்) என்ற பெருமை. செத்த பிறகு எலும்புக்கூடு வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே போனது. குதிரையின் எலும்பு எண்ணிக் கோக்கப்பட்டிருக்கிறது. ஹாரியைப் பற்றி எழுத நாலு பத்தி தேறுவதே கஷ்டம்.

இது ஒரு ஹாரியோடு நிற்கவில்லை. வுட்பர்ன் பண்ணையில் லெக்சிங்டனின் மகன் ஆஸ்டராய்டைப் பழக்கியவர் ஆன்செல் வில்லியம்சன். அவரும் அடிமையாக இருந்தவர். அமெரிக்காவின் பேர்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியை 1875-இல் முதன்முதலாக ஜெயித்த அரிஸ்டைடிஸ் என்ற குதிரையும் அவர் பழக்கியதே. அதன் தாய் லெக்சிங்டனின் மகள். ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ், கருப்பினத்தவர். அன்று ஓட்டிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கருப்பினத்தவர். பிறகு பணமும் புகழும் பெருகப் பெருக, ஒவ்வொருவராக ஓரங்கட்டினார்கள். 1901-லும் 1902-லும் டெர்பி ஜெயித்த ஜிம்மி விங்க்ஃபீல்டுதான் கடைசி. அவருக்குப் பின் கருப்பின ஜாக்கி எவரும் அதை ஜெயித்ததில்லை. ஓட்டத் தெரியாமலா?

மனவுறுதி மனவுறுதி என்கிறீர்களே தம்பி, வில்லியம்சனிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

தேர்வு விஷயம். வயது தாண்டிவிடவில்லை என்றால் இன்னொரு முறை எழுதுங்கள். ஆனால் வீட்டில் ஒருவர் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து படிப்பதாக இருந்தால், பாதி நாளாவது வேலைக்குப் போய்க்கொண்டே படியுங்கள். காலையில் டீ போட்டுக் கொடுத்து உங்களை எழுப்புவது யார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுதுங்கள், மதிப்பெண்ணைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்