உயிர்த்தெழுதலுக்கு என்ன ஆதாரம்? கேட்பவரிடம் எங்கிருந்து தொடங்குவது

கேள்வி: சபையில் வாலிபர் கூட்டத்துக்குப் பாடம் எடுக்கிறேன். ஆனால் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது நண்பர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. நான்கு சுவிசேஷங்களும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, சிலுவையில் மயங்கியவர் பிழைத்துக் காஷ்மீருக்குப் போய்விட்டார், எல்லாமே எகிப்து, கிரேக்கப் புராணங்களின் நகல். இந்த மூன்றும்தான் மாறி மாறி வருகின்றன. பெரியவர்களிடம் கேட்டால் "விசுவாசித்தால் போதும்" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: 1 கொரிந்தியர் 15-லிருந்து தொடங்குங்கள். பலரும் ஈஸ்டர் காலைக் காட்சியைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அங்கே தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் பேச்சு "கல்லறையில் இருந்தது ஒரு தூதனா, இருவரா" என்பதில் போய் நிற்கும். அதற்குப் பதில் உண்டு, ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இதை யார், எப்போது சொல்லத் தொடங்கினார்கள் என்பது.

பவுல் இந்தக் கடிதத்தை எபேசுவிலிருந்து ஏறக்குறைய கி.பி. 54 அல்லது 55-ல் எழுதினார். நமக்குக் கிடைத்துள்ள சுவிசேஷங்களுக்கு முந்தியது இது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. அந்தக் காலக்கணக்குக்கு ஒரு வெளி ஆதாரமும் இருக்கிறது. அப்போஸ்தலர் 18-ல் பவுல் கொரிந்துவில் கல்லியோன் என்ற ரோம அதிபதியின் முன் நிறுத்தப்படுகிறார். அந்தக் கல்லியோனின் பெயர் கிரேக்க நாட்டு டெல்ஃபியில் கிடைத்த கல்வெட்டில் இருக்கிறது. அதை வைத்து அவர் பதவியில் இருந்த காலத்தை 51, 52 வாக்கில் என்று கணிக்கிறார்கள். ஆக, கடிதத்தில் பவுல் நினைவூட்டுகிற போதனையை அவர் கொரிந்துவில் சொன்னது 50, 51 வாக்கில். இயேசு சிலுவையில் அறையப்பட்டது 30-ல் அல்லது 33-ல். இடைவெளி இருபது ஆண்டுதான்.

அந்த இருபதையும் இன்னும் சுருக்கலாம். 3-ஆம் வசனத்தில் பவுல், இது தனக்கு ஒப்படைக்கப்பட்டது, அதைத்தான் உங்களிடம் ஒப்படைத்தேன் என்கிறார். மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், கேபாவுக்கு (அதாவது பேதுருவுக்கு) தரிசனமானார், பின்பு பன்னிருவருக்கு என்று மனப்பாடத்துக்கு ஏற்றபடி அடுக்கப்பட்ட வாசகம் அது. அதைத் தொடர்ந்து ஐந்நூறுக்கு அதிகமானவர்கள், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியாகப் பவுல் என்று 8-ஆம் வசனம் வரை கண்டவர்களின் பட்டியல் நீள்கிறது. பவுலுக்கு அந்த வாசகம் எங்கே கிடைத்திருக்கும்? கலாத்தியர் 1:18, 19-ஐப் பாருங்கள். மனமாறி மூன்று வருஷம் கழித்து எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கியதாகவும், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபைக் கண்டதாகவும் எழுதுகிறார். பட்டியலில் பவுலைத் தவிரத் தனித்தனியாகப் பெயர் சொல்லப்படும் இரண்டு பேரும் இவர்கள்தான். உயிர்த்தெழுதலை நம்பாத ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ட் லூடெமான்கூட இந்த வாசகத்தின் மூலக்கூறுகள் சிலுவை மரணத்துக்குப்பின் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் உருவானவை என்றே கணித்தார். உங்கள் நண்பர்களிடம் இந்தப் பெயரைச் சொல்வது, சபை சார்ந்த ஒருவரின் பெயரைச் சொல்வதைவிடப் பயன்படும்.

இங்கேதான் பலர் ஒரு படி தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். "இவ்வளவு சீக்கிரம் சொல்லப்பட்டது, ஆகவே உண்மை" என்று முடிக்காதீர்கள். வதந்தி ஒரே நாளில் கிளம்பக்கூடியது. இந்தக் காலக்கணக்கு நிறுவுவது ஒன்றை மட்டும்தான்: தலைமுறை தலைமுறையாக ஊதிப் பெருத்த புராணம் அல்ல, சம்பவத்தோடு சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடிருந்தபோதே, அவர்கள் வாயிலிருந்தே வந்த செய்தி. அவர்கள் பொய் சொன்னார்களா, ஏமாந்தார்களா, கண்டதைச் சொன்னார்களா என்பது அடுத்து விவாதிக்க வேண்டியது.

ஐந்நூறு பேர் விஷயத்திலும் நிதானம் வேண்டும். "ஐந்நூறு சாட்சிகள் இருக்கிறார்கள்" என்று மேடையில் முழங்குவது வழக்கம். நம் கையில் இருப்பது ஐந்நூறு வாக்குமூலங்கள் அல்ல. ஐந்நூறு பேர் கண்டார்கள் என்று ஒருவர் எழுதியது. ஆனாலும் அதில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று அவரே சேர்த்து எழுதியிருப்பதற்கு மதிப்பு உண்டு. விசாரித்துப் பார்க்க வழியில்லாத இடத்தில் யாரும் அப்படி எழுதத் துணிய மாட்டார்கள் என்று வாதிடலாம். அதற்குமேல் அந்த வசனத்தின் மீது பாரம் ஏற்ற வேண்டாம்.

உண்மையில் கனமானவர்கள் பட்டியலின் கடைசிப் பகுதியில் இருக்கிறார்கள். யாக்கோபு, இயேசு ஊழியம் செய்த நாட்களில் அவரை விசுவாசிக்காதவர்களில் ஒருவர். சகோதரர்களே நம்பவில்லை என்று யோவான் 7:5 சொல்கிறது. ஆதிச் சபை தன் தலைவர்களில் ஒருவரைப் பற்றி வீணாகக் கட்டிவிடக்கூடிய செய்தி அல்ல அது. அந்த யாக்கோபு பிறகு எருசலேம் சபையின் தூணாகிறார். கி.பி. 62-ல் பிரதான ஆசாரியன் அனனுஸ் அவரைக் கல்லெறிந்து கொல்ல வைத்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். பவுலோ சபையைத் துன்பப்படுத்தியவர். எதிர்பார்ப்பும் ஆசையும் இல்லாத இந்த இரண்டு பேர் எப்படி மாறினார்கள் என்பதற்கு எந்த மாற்று விளக்கமும் பதில் சொல்லியாக வேண்டும். நண்பர்களிடம் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அடுத்து, பையிலிருந்து எடுத்து எறிந்துவிட வேண்டிய சரக்கு கொஞ்சம் இருக்கிறது. பலவீனமான ஒரு ஆதாரத்தை நண்பர் செல்போனில் தேடி உடைத்துவிட்டால், பலமானதையும் அவர் கேட்க மாட்டார்.

"பன்னிரண்டு பேரும் இரத்தசாட்சிகளாக மரித்தார்கள்" என்று சொல்லாதீர்கள். பலமான ஆதாரம் இருப்பது சிலருக்கே: பேதுரு, செபெதேயுவின் மகன் யாக்கோபு (அப்போஸ்தலர் 12:2), பன்னிருவரில் சேராத பவுல், கர்த்தருடைய சகோதரன் யாக்கோபு. மற்றவர்களைப் பற்றி நமக்குத் தெரிவது பிற்காலப் பாரம்பரியங்கள். தோமா மயிலாப்பூரில் கொல்லப்பட்டார் என்பதும் பழமையான பாரம்பரியம்தான். தோமாவை இந்தியாவோடு இணைக்கும் சிரியக் கிறிஸ்தவ எழுத்து மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதை மதிக்கலாம், கல்வெட்டில் பொறித்த செய்திபோல் பேசக் கூடாது. "கொல்லப்படும் ஆபத்து தெரிந்தும் அவர்கள் தங்கள் சாட்சியை மாற்றிக்கொண்டதாக எந்தத் தடயமும் இல்லை" என்பது போதும். உயிரைக் கொடுப்பதும் ஒருவர் உளமார நம்பினார் என்பதை மட்டுமே காட்டும், நம்பியது சரி என்பதை அல்ல.

இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்லப்படும் டூரின் சவத்துணியை எடுக்காதீர்கள். 1988-ல் நடந்த கார்பன் பரிசோதனை அதை 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டதாகக் கணித்தது; அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. கல்லறையைத் தொந்தரவு செய்பவர்களுக்கு மரண தண்டனை என்று சொல்லும் "நாசரேத் கல்வெட்டும்" வேண்டாம். அந்தப் பளிங்கு கிரேக்கத் தீவான கோஸிலிருந்து வந்தது என்று 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. யோசேப்பஸின் புத்தகத்தில் இயேசு மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்று வரும் பத்தியும் அப்படியே. கிறிஸ்தவ நகலெடுப்பாளர்கள் அதில் கைவைத்திருக்கிறார்கள் என்பதே பெரும்பாலோர் கருத்து. யாக்கோபின் மரணம் பற்றிய பகுதிக்கு அந்தச் சிக்கல் இல்லை, அதையே பயன்படுத்துங்கள்.

இப்போது முரண்பாடுகள். அவற்றை மறுக்காதீர்கள், நீங்களே வரிசையாகச் சொல்லிவிடுங்கள். மத்தேயுவில் இரண்டு பெண்கள், மாற்குவில் மூவர், லூக்காவில் இன்னும் அதிகம், யோவானில் மகதலேனா மரியாள் மட்டும். தூதர் மத்தேயுவிலும் மாற்குவிலும் ஒருவர். லூக்காவிலும் யோவானிலும் இருவர். சிலவற்றுக்கு நேரடியான விளக்கம் உண்டு. யோவான் 20:2-ல் மரியாள் "அறியோம்" என்று பன்மையில் பேசுவதால் அவள் தனியாகப் போகவில்லை என்று தெரிகிறது. சிலவற்றுக்கு அப்படி எளிதான விளக்கம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கதையாகத் தைத்துக் காட்ட முயன்றால் தையல்தான் தெரியும். நால்வரும் ஒத்துப்போகும் இடத்தைக் காட்டுங்கள்: ரோம ஆளுநர் பிலாத்துவின் கீழ் சிலுவை மரணம், அரிமத்தியா யோசேப்பு செய்த அடக்கம், வாரத்தின் முதல் நாள், வெறுமையான கல்லறை, முதலில் வந்தவர்கள் பெண்கள்.

இந்தக் கடைசி விவரம் முக்கியமானது. பெண்களின் சாட்சியை ஏற்க வேண்டாம் என்பதை யூதச் சட்டமாகவே யோசேப்பஸ் எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் செல்சுஸ் என்ற கிரேக்க விமர்சகர், பித்துப்பிடித்த ஒரு பெண்ணின் பேச்சு இது என்று கேலி செய்தார். கதை கட்டுபவர்கள் பேதுருவையோ யோவானையோ முதலில் நிறுத்தியிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: மாற்கு 16:9 முதல் 20 வரையுள்ள பகுதியை ஆதாரமாக வைக்காதீர்கள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை. பாம்பைப் பிடிக்கும் வசனம் அங்கேதான் வருகிறது என்பதால் நண்பர் அதைத்தான் எடுப்பார்.

வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலை வரை எப்படி மூன்று நாள் என்று கேட்டால் நீட்ட வேண்டாம். நாளின் ஒரு பகுதியையும் முழு நாளாக எண்ணுவது யூத வழக்கம். எஸ்தர் 4:16-ல் "மூன்றுநாள் அல்லும் பகலும்" உபவாசம் என்று சொன்னவள், 5:1-ல் மூன்றாம் நாளிலேயே ராஜாவின் முன் நிற்கிறாள்.

மயக்கக் கோட்பாட்டை வீழ்த்தியவர் ஒரு நம்பிக்கையற்றவரே. டாவிட் ஸ்ட்ராவுஸ் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய விமர்சகர், கட்டுப்போட்டு மருந்திட வேண்டிய நிலையில் குற்றுயிராகத் தவழ்ந்து வந்த ஒருவரைப் பார்த்து "மரணத்தை வென்ற கர்த்தர்" என்று சீடர்கள் எப்படி முடிவு செய்வார்கள் என்று கேட்டார். சிலுவையிலிருந்து யாரும் பிழைத்ததே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தனக்குத் தெரிந்த மூவரைச் சிலுவையிலிருந்து இறக்கச் செய்ததாக யோசேப்பஸ் எழுதுகிறார். மருத்துவர்கள் கவனித்தும் இருவர் இறந்தார்கள், ஒருவர் பிழைத்தார்.

காஷ்மீர் கதையில் இரண்டு தனித்தனிக் கதைகள் கலந்திருக்கின்றன. இயேசு இளமையில் இந்தியா வந்தார் என்பது 1894-ல் நோட்டோவிச் என்ற ரஷ்யப் பயணி சொன்னது. லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் ஏடு பார்த்ததாக எழுதினார். மறு ஆண்டே ஆர்ச்சிபால்டு டக்ளஸ் என்பவர் அங்கே போய் விசாரித்தபோது மடத்தின் தலைமை லாமா அப்படியொரு ஏடே இல்லை என்று மறுத்தார். சிலுவையிலிருந்து பிழைத்து ஸ்ரீநகரில் இறந்தார் என்பது அகமதியா இயக்கத்தை நிறுவிய மிர்சா குலாம் அகமது சொன்னது. ஸ்ரீநகர் கான்யாரில் உள்ள ரோசாபால் கல்லறை யூஸ் ஆசஃப் என்ற மகானுடையதாகப் போற்றப்படுவது. அந்தப் பெயரோடு சேர்ந்த கதை, புத்தரின் வாழ்க்கைக் கதை அரபு மொழி வழியாக உருமாறியது என்பது ஆய்வாளர்கள் கண்டது. முதல் நூற்றாண்டு ஆவணம் எதுவும் இந்த இரண்டு கதைகளுக்கும் இல்லை. நண்பர் எந்தக் கதையைச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேட்பவர் முஸ்லிமாக இருந்தால் விஷயமே வேறு. இயேசுவைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்று குர்ஆன் 4:157 சொல்வதால், அவரோடு பேச வேண்டியது உயிர்த்தெழுதலை அல்ல, சிலுவை மரணத்தை. ரோமரான டாசிட்டஸ் 116 வாக்கில் எழுதிய வரலாற்றில், பேரரசர் திபேரியு காலத்தில் பிலாத்துவால் கிறிஸ்து தண்டிக்கப்பட்டார் என்கிறார். மரியாதையோடு அதை எடுத்துவையுங்கள். தன் வேத வசனத்துக்கு எதிராக வரலாற்றை நிறுத்துகிறீர்கள் என்பதை அவர் உணர்வார், அதனால் குரலை உயர்த்த வேண்டாம்.

சிலுவையில் இறந்தவர்களைக் குழியில் வீசிவிடுவார்கள், கல்லறையே இருந்திருக்காது என்று படித்த நண்பர் சொல்லக்கூடும். பொது வழக்கம் அப்படித்தான். ஆனால் 1968-ல் எருசலேமுக்கு வடகிழக்கே குடும்பக் கல்லறை ஒன்றில் யெஹோஹனான் என்பவரின் எலும்புப் பெட்டி கிடைத்தது. குதிகால் எலும்பில் ஆணி இன்னும் செருகியிருந்தது. சிலுவையில் இறந்தவருக்கும் முறையான அடக்கம் நடந்திருக்கிறது. யூதர்கள் சூரியன் மறையுமுன் சிலுவை உடல்களை இறக்கி அடக்கம் செய்வார்கள் என்று யோசேப்பஸும் சொல்கிறார்.

இருப்பதிலேயே கடினமான கேள்வி, சீடர்கள் கண்டது மனப்பிரமையா என்பதுதான். இதற்குத்தான் நேரம் ஒதுக்கித் தயார் செய்யுங்கள். துக்கத்தில் இருப்பவர்கள் இறந்தவரைக் காண்பதும் உணர்வதும் அரிதல்ல. 1971-ல் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரிடம் டெவி ரீஸ் என்ற மருத்துவர் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய பாதிப்பேர் அப்படிச் சொன்னார்கள். பேதுருவுக்கு அது பொருந்தலாம் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு மூன்று இடறல்களைச் சொல்லுங்கள். துக்கப்படாத, பகைவனான பவுலுக்கு அது பொருந்தாது. பலர் சேர்ந்து கண்டார்கள் என்ற செய்திக்கு அது எளிதில் இடம் தராது. இறந்தவரைக் கண்டதாக உணர்பவர்கள் "அவர் கல்லறையை விட்டு எழுந்துவிட்டார்" என்ற முடிவுக்கு வருவதில்லை. அன்றைய யூதர்களிடம் "ஆவியைக் கண்டோம்", "தேவனிடத்தில் உயர்த்தப்பட்டார்" என்று சொல்ல வார்த்தைகள் இருந்தன. உயிர்த்தெழுதல் என்பது கடைசி நாளில் எல்லாருக்கும் நடப்பது (தானியேல் 12:2). ஒரே ஒருவர், வரலாற்றின் நடுவில் எழுவார் என்பது அவர்கள் எதிர்பார்ப்பில் இல்லாதது.

இதே விஷயம் புராண நகல் என்ற வாதத்துக்கும் பதிலாகும். எகிப்தியத் தெய்வம் ஒசிரிஸ் பூமிக்குத் திரும்பவில்லை, பாதாளத்துக்கு அரசனானான். ரோமர்கள் வணங்கிய மித்ராவுக்கு மரணக் கதையே கிடைக்கவில்லை. செத்து மீளும் தெய்வங்கள் சில உண்டு என்று வாதிட்ட சுவீடன் நாட்டு ஆய்வாளர் மெட்டிங்கரே, இயேசுவின் உயிர்த்தெழுதல் அவற்றிலிருந்து கட்டப்பட்டதற்கு ஆதாரமில்லை என்று 2001-ல் எழுதினார்.

"அற்புதம் நடக்கவே நடக்காது" என்பதில் நண்பர் நின்றுவிட்டால் இந்த ஆதாரங்களை மேலும் குவிப்பதில் பயனில்லை. பேச வேண்டியது தேவன் இருக்கிறாரா என்பதை. அது வேறொரு மதிய வேளைக்கு. மறுபக்கமும் உண்டு. பிங்காஸ் லாபிடே என்ற யூத அறிஞர் உயிர்த்தெழுதல் நடந்தது என்றே ஏற்றார், ஆனாலும் இயேசுவை இஸ்ரவேலின் மேசியா என்று ஏற்காமல் யூதராகவே இருந்தார்.

வாலிபர் கூட்டத்துக்கு முதல் வாரப் பாடமாக 1 கொரிந்தியர் 15-ன் 58 வசனங்களையும், கலாத்தியர் முதல் இரண்டு அதிகாரங்களையும் சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள். இரண்டாம் வாரம் நான்கு சுவிசேஷங்களின் கடைசி அதிகாரங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒத்துப்போவதையும் ஒத்துப்போகாததையும் பிள்ளைகளே ஒரு தாளில் எழுதட்டும்.