ஜீனோம் தரவும் இணையக் கருவிகளும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சீக்வென்சிங் தரவை, அதாவது டிஎன்ஏ, ஆர்என்ஏவின் எழுத்து வரிசையைக் கருவி படித்துத் தரும் தரவை, இணையத்திலேயே அலசுவது பற்றியும், அப்புறம் அதை மற்றவர்களோடு பகிர்வது பற்றியும் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்து ஒரே பதில் எழுதியிருக்கிறேன். சிலருக்கு இரண்டு வரிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, நான் உயிரியல் படித்தவள், நிரல் எழுதத் தெரியாது. 12 மாதிரிகளின் ஆர்என்ஏ சீக்வென்சிங் தரவு கைக்கு வந்திருக்கிறது. என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். எங்கே தொடங்குவது?

கேலக்ஸியில் தொடங்குங்கள். 2005-லிருந்து இருக்கிற திறந்த மூலத் தளம், எல்லாமே பிரவுசரில் நடக்கும், கணக்கு போடுவது அவர்களுடைய சர்வர், அதனால் உங்கள் ரேம் எவ்வளவு என்பது பிரச்சினையே இல்லை. அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று பெரிய பொது சர்வர்கள் உண்டு, பதிவு இலவசம். அமெரிக்க சர்வரில் பதிவு செய்தவர்களுக்கு 250 ஜிபி இடம் கிடைக்கும்.

உங்கள் வேலைக்கான பாதை ஓரளவு தேய்ந்த பாதைதான்: ஃபாஸ்ட்க்யூசி போட்டுத் தரம் பாருங்கள், தேவையிருந்தால் அடாப்டரை (படிப்பதற்காக ஒட்டிய செயற்கைத் துண்டை) வெட்டுங்கள், ஹைசாட்2 அல்லது ஸ்டார் கொண்டு ரீடுகளை (கருவி படித்த குட்டித் துண்டுகளை) ஜீனோமில் பொருத்துங்கள், ஃபீச்சர்கவுன்ட்ஸ் வைத்து ஒவ்வொரு ஜீனுக்கும் எத்தனை ரீட் என்று எண்ணுங்கள், பிறகு குழுக்களுக்கிடையே எந்த ஜீன் மாறியது என்று பார்க்க டீசீக்2. இந்தக் கடைசிப் படியில் கச்சா எண்ணிக்கையைத்தான் கொடுக்க வேண்டும். டிபிஎம் போல ஏற்கெனவே சமன்செய்த எண்களைக் கொடுத்தாலும் எப்படியோ ஒரு பட்டியல் வெளியே வந்துவிடும், ஆனால் அதை நம்ப முடியாது.

இதையெல்லாம் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க கேலக்ஸியின் பயிற்சித் தளத்தில் பாடங்களும் மாதிரித் தரவும் இருக்கின்றன. முதலில் அந்த மாதிரித் தரவை வைத்து ஒரு முறை முழுக்க ஓட்டிப் பாருங்கள். சொந்தத் தரவில் தொடங்கினால், விடை விசித்திரமாக வரும்போது தப்பு தரவிலா, நீங்கள் தட்டிய அமைப்பிலா என்று கண்டுபிடிக்க முடியாது.

250 ஜிபி என்கிறீர்கள், எனக்கு ஒரே வாரத்தில் நிரம்பிவிட்டது. பாதியை அழித்தும் இடம் வரவில்லை.

அழித்தால் மறைக்கப்படும், அவ்வளவுதான். நிரந்தரமாக நீக்க வேறொரு பொத்தான் இருக்கிறது, அதையும் அழுத்தினால்தான் இடம் திரும்பும். இடைநிலை பேம் கோப்புகளை (ஜீனோமில் பொருத்திய ரீடுகள் இருப்பவை) முதலில் தூக்குங்கள். இன்னொன்று, எஸ்ஆர்ஏ போன்ற பொதுக் களஞ்சியத்தில் உள்ள தரவை உங்கள் கணினியில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியதே இல்லை, அணுகல் எண்ணைக் கொடுத்தால் கேலக்ஸி நேரே எடுத்துக்கொள்ளும்.

ஃபாஸ்ட்க்யூசி அறிக்கையில் மூன்று இடத்தில் சிவப்புக் குறி. தரவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். அந்தப் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் சாதாரண முழு ஜீனோம் தரவை மனதில் வைத்து அமைத்த எல்லைகள். ஆர்என்ஏ தரவில் ரீடின் முதல் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளில் கலவை தாறுமாறாக இருப்பது ரேண்டம் ஹெக்ஸாமர் பிரைமர் என்ற ஆறெழுத்துத் தொடக்கத் துண்டுகளால் வருவது, கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும். மிகுதியாக வெளிப்படும் ஜீன்கள் இருப்பதால் நகல் விகிதமும் சிவப்பாகும். நீங்கள் பார்க்க வேண்டியது, தர மதிப்பு ரீடின் கடைசியில் எவ்வளவு விழுகிறது (க்யூ30 என்றால் ஆயிரத்தில் ஓர் எழுத்து தப்பாக இருக்க வாய்ப்பு, க்யூ20 என்றால் நூறில் ஒன்று), அடாப்டர் மிச்சமிருக்கிறதா என்பதைத்தான். மல்ட்டிக்யூசியில் எல்லா மாதிரிகளையும் ஒரே படத்தில் போட்டு, மற்றவற்றோடு சேராமல் எது தனியாக நிற்கிறது என்று பாருங்கள், அந்த ஒன்றைத்தான் விசாரிக்க வேண்டும்.

மேடம், கட்டுரையில் சொல்லியிருக்கும் டிஎன்ஏ மாறுபாட்டின் இடத்தை ஜீனோம் பிரவுசரில் போட்டால் வேறெங்கோ போகிறது. கட்டுரை தப்பா?

அநேகமாகக் கட்டுரை சரி, நீங்கள் திறந்திருக்கும் ஜீனோம் பதிப்புதான் வேறு. தெருவில் கதவு எண்ணை மாற்றிய பிறகு பழைய எண்ணை வைத்துக்கொண்டு வீடு தேடுகிற கதை இது.

உதாரணமாக, அரிவாள் செல் சோகைக்குக் காரணமான ஆர்எஸ்334 என்ற மாறுபாடு 11-வது குரோமோசோமில் இருக்கிறது. 2009-இல் வந்த ஜிஆர்சிஎச்37 பதிப்பில் அதன் இடம் 52,48,232. 2013 இறுதியில் வந்த ஜிஆர்சிஎச்38-இல் அதே எழுத்து 52,27,002-இல். 21 ஆயிரம் எழுத்துக்கு மேல் நகர்ந்துவிட்டது, அதாவது முழு பீட்டா குளோபின் ஜீனையும் தாண்டிப் போய்விடுவீர்கள். யுசிஎஸ்சி என்ற ஜீனோம் பிரவுசர் தளம் இவற்றையே எச்ஜி19, எச்ஜி38 என்று கூப்பிடும். 2022-இல் இடைவெளி இல்லாத டி2டி தொகுப்பும் வெளியாகிவிட்டது, அதற்கு இன்னொரு எண். பதிப்பைச் சொல்லாமல் இடத்தை மட்டும் யாராவது அனுப்பினால் திருப்பிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற லிஃப்ட்ஓவர் இருக்கிறது. சில இடங்கள் மாறாமல் விழுந்துவிடும், எத்தனை விழுந்தன என்று அது தருகிற பட்டியலைத் திறந்து பாருங்கள். வசதி இருந்தால் ரீடுகளையே புதிய பதிப்பில் மறுபடி பொருத்துவதுதான் சுத்தம்.

இதோடு சேர்ந்த இரண்டு வில்லங்கம். இடங்களைக் குறிக்கும் கோப்பு வகைகளில் பெட் பூஜ்யத்திலிருந்து எண்ணும், விசிஎஃப் (மாறுபாடுகளின் பட்டியல்), ஜிஎஃப்எஃப் (ஜீன்களின் இடங்கள்) இரண்டும் ஒன்றிலிருந்து எண்ணும், ஆகவே ஓர் எழுத்து தள்ளிப்போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அடுத்தது, யுசிஎஸ்சியில் குரோமோசோம் எண்ணுக்கு முன்னால் மூன்று எழுத்து ஒட்டியிருக்கும், என்செம்பிள் என்ற இன்னொரு தளத்தில் வெறும் எண் மட்டும். இரண்டையும் கலந்தால் பல கருவிகள் பிழை என்றுகூடச் சொல்லாது, அமைதியாக வெற்றுக் கோப்பைக் கையில் கொடுத்துவிடும்.

வேறு ஊரில் இருக்கும் என் வழிகாட்டிக்கு ரீடுகளைக் காட்ட வேண்டும். ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி அனுப்பி அலுத்துவிட்டது.

நீங்கள் மட்டும் பார்ப்பதென்றால் ரீடுகளைக் காட்டும் ஐஜிவி கருவியின் இணையப் பதிப்பு போதும். உங்கள் கணினியில் இருக்கும் பேம் கோப்பை அதில் திறந்தால் அது வெளியே எங்கும் ஏறாது, பிரவுசருக்குள்ளேயே படித்துக்கொள்ளும். பேம் கோப்போடு அதன் இன்டெக்ஸ் கோப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் திறக்காது.

இருவரும் ஒரே காட்சியைப் பார்க்க வேண்டுமென்றால் யுசிஎஸ்சியில் செஷன் ஒன்றைச் சேமித்து இணைப்பை அனுப்புங்கள். எந்த இடம், எந்தெந்தத் தரவுப் பட்டை (டிராக்) தெரிகிறது எல்லாம் அப்படியே அவர் திரையில் வரும். பெரிய கோப்புகளை யுசிஎஸ்சிக்கு ஏற்ற வேண்டியதில்லை. பிக்விக், பிக்பெட், இன்டெக்ஸ் போட்ட பேம் ஆகிய வகைக் கோப்புகளை உங்கள் நிறுவன சர்வரில் வைத்து முகவரியைக் கொடுத்தால், திரையில் தெரிகிற துண்டுக்கு வேண்டிய பைட்டுகளை மட்டும் அது இழுத்துக்கொள்ளும். சர்வர் அப்படிப் பகுதி பகுதியாகத் தர அனுமதிக்க வேண்டும், வேலை செய்யவில்லை என்றால் நிர்வாகியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் ஒன்று, அந்த முகவரி தெரிந்த யாரும் உங்கள் தரவை எடுக்கலாம்.

நோயாளிகளின் எக்ஸோம் (ஜீன்களில் புரதத்துக்கான பகுதிகள் மட்டும்) தரவை கேலக்ஸியில் ஏற்றலாமா? பெயர், வயது எல்லாம் நீக்கிவிட்டோம், வெறும் மாதிரி எண்தான்.

என்னுடையதும் அதே கேள்வி. விசிஎஃப் மட்டும்தான் ஏற்றப்போகிறோம், அதில் யார் என்று எப்படித் தெரியும்?

பொது சர்வரில் ஏற்றாதீர்கள். அந்த சர்வர்கள் பாதுகாக்க வேண்டிய மருத்துவத் தரவுக்காக அமைக்கப்பட்டவை அல்ல, அவற்றின் விதிமுறைகளிலும் அது இருக்கிறது. கேலக்ஸியே வேண்டுமென்றால் உங்கள் நிறுவனத்துக்குள் ஒன்றை நிறுவிக்கொள்ளலாம், மென்பொருள் இலவசம்தானே.

பெயரை நீக்குவது பற்றி: ஜீனோமில் பெயரை நீக்கினாலும் ஆள் அங்கேயே இருக்கிறார். 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. தனிநபர் தரவே இல்லாமல், ஒரு குழுவின் கூட்டு அலீல் விகிதங்கள் (ஒவ்வோர் இடத்திலும் எந்த எழுத்து எத்தனை பங்கு) மட்டும் கையில் இருந்தாலும், ஒருவருடைய டிஎன்ஏ தெரிந்தால் அவர் அந்தக் குழுவில் இருந்தாரா என்று கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். குழு நோயாளிகளின் குழு என்றால் அவருக்கு என்ன நோய் என்பதும் தெரிந்துவிட்டது. உடனே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அத்தகைய தொகுப்புத் தரவைத் திறந்த அணுகலிலிருந்து எடுத்துவிட்டது, பல ஆண்டுகள் கழித்து, 2018-இல்தான், பெரும்பாலானவற்றைத் திரும்பத் திறந்தார்கள். 2013-இல் இன்னொரு ஆய்வு, பொதுவெளியில் பெயரில்லாமல் கிடந்த ஜீனோம்களின் ஒய் குரோமோசோமை வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரையே ஊகித்தது. உங்களிடம் இருக்கும் விசிஎஃப்-இல் லட்சக்கணக்கில் இடங்கள் இருக்கலாம், சில டஜன் இடங்கள் போதும் ஒருவரைத் தனித்து அடையாளம் காண. அவருடைய அண்ணன் தம்பி, பிள்ளைகள் யாரும் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே முதலில் ஒப்புதல் படிவத்தை எடுத்து வாசியுங்கள். பகிர்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது? ஆராய்ச்சிக்கு என்று மட்டும் இருக்கிறதா, குறிப்பிட்ட நோய்க்கு மட்டுமா, மூன்றாம் தரப்புக்கு அனுமதி உண்டா? அது தெரியாமல் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. பகிரலாம் என்றால் அதற்கென்று இருப்பவை டிபிகேப், இஜிஏ போன்ற கட்டுப்படுத்திய களஞ்சியங்கள். கேட்பவர் விண்ணப்பிப்பார், ஒரு குழு பார்த்து அனுமதிக்கும். மெதுவாகத்தான் நடக்கும், பலர் அலுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதில் குறை தெரியவில்லை.

குடல் நுண்ணுயிர்த் தரவுக்கு இந்தத் தொல்லை இல்லைதானே?

இருக்கிறது. மல மாதிரியில் மனித ரீடுகளும் வரும். பொதுவில் போடும் முன் அவற்றை வடிகட்டுங்கள், எஸ்ஆர்ஏவே இதற்கொரு கருவி வைத்திருக்கிறது.

300 ஜீன் பட்டியலை, அதில் எந்தச் செயல்பாடு மிகுதி என்று காட்டும் ஜி:புரொஃபைலரில் போட்டேன், கல்லீரல் வளர்சிதை மாற்றம் அபாரமாக மேலே வந்தது. இதை முக்கியக் கண்டுபிடிப்பாக எழுதலாமா?

உங்கள் மாதிரி கல்லீரல் திசு என்று பின்னால் எழுதியிருக்கிறீர்களே. கல்லீரலில் கல்லீரல் ஜீன்கள் வெளிப்படத்தான் செய்யும். கருவி உங்கள் 300-ஐ எதோடு ஒப்பிட்டது என்பதுதான் விஷயம். எதுவும் சொல்லாவிட்டால் செயல்பாடு பதிவான மனித ஜீன்கள் எல்லாவற்றோடும் ஒப்பிடும், அப்போது மூளையில் மட்டும் வெளிப்படும் ஜீன்களும் எதிர்ப்பக்கத்தில் நிற்கும். உங்கள் சோதனையில் உண்மையில் எண்ணப்பட்ட ஜீன்களை மட்டும் பின்னணிப் பட்டியலாகக் கொடுங்கள், ஜி:புரொஃபைலரில் அதற்கு இடம் இருக்கிறது. அப்புறமும் மேலே நின்றால் எழுதலாம். அநேகமாகப் பாதி உதிர்ந்துவிடும். ஆய்வேடுகளில் நான் அதிகம் சண்டை போடுவது இதற்காகத்தான்.

வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்டில் போன வருடம் வந்த இ-மதிப்பு இன்று வேறாக வருகிறது, அதே வரிசைதான்.

தரவுத்தளம் வளர்ந்திருக்கிறது. தற்செயலாக இவ்வளவு நல்ல பொருத்தம் எத்தனை கிடைக்கும் என்பதுதான் இ-மதிப்பு, தேடும் இடம் பெரிதானால் அதுவும் ஏறும். தரவுத்தளத்தின் அளவைப் பொறுத்து மாறாத பிட் ஸ்கோரையும் தேடிய தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எக்செல் வேண்டாம் வேண்டாம் என்று ஏன் எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள்?

மார்ச்1, செப்ட்1 என்ற ஜீன் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும், சொல்லாமல். 2016-இல் பார்த்தபோது, ஜீன் பட்டியலை எக்செல்லில் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை. கடைசியில் 2020-இல் பெயரிடும் குழு ஜீன்களின் பெயரையே மாற்றியது: மார்ச்எஃப்1, செப்டின்1. மென்பொருள் திருந்தும் வரை காத்திருக்க முடியாமல் அறிவியல் இறங்கிப்போனது! பட்டியலை டேப் பிரித்த உரைக் கோப்பாக வையுங்கள், என்செம்பிள் அடையாள எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும்.

கட்டுரையை அனுப்பப்போகிறோம். பத்திரிகை தரவின் அணுகல் எண் கேட்கிறது. கூகுள் டிரைவ் இணைப்பு கொடுத்தால் ஆகாதா?

ஆகாது. மாணவர் படிப்பை முடித்துப் போனதும் அந்த இணைப்பு செத்துவிடும். மனிதத் தரவு அல்லாத கச்சா ரீடுகளை எஸ்ஆர்ஏ, இஎன்ஏ, ஜப்பானின் டிடிபிஜே மூன்றில் எதில் கொடுத்தாலும் சரி, மூன்றும் ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்ளும். ஜீன் வெளிப்பாட்டுத் தரவென்றால் ஜிஇஓ. அங்கே வெளியீட்டுத் தேதி வரை மூடி வைக்கலாம், விமர்சகர்களுக்கு மட்டும் தனிக் குறியீடு கொடுத்துக் காட்டலாம். நிரல், அட்டவணை, வரைபடம் ஆகியவற்றுக்கு ஸெனோடோ, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை, மேற்கோள் காட்ட நிரந்தர டிஓஐ எண்ணும் கிடைக்கும்.

கோப்பை ஏற்றுவது எளிது, மாதிரி விவரப் படிவம்தான் உயிரை வாங்கும். திசு, வயது, பாலினம், எந்தக் கருவியில் எந்த நாளில் ஓட்டியது எல்லாம் கேட்கும். ஆய்வு முடிந்த பிறகு உட்கார்ந்தால் பாதி நினைவில் இருக்காது, முதல் மாதிரி எடுத்த நாளிலேயே படிவத்தை இறக்கி நிரப்பத் தொடங்குங்கள். ஏற்றும் ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 எண் (கோப்பு முழுசாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) எடுத்து வையுங்கள், பாதியில் அறுந்த ஃபாஸ்ட்கியூ (கச்சா ரீடு) கோப்பு பார்வைக்கு முழுசாகத்தான் தெரியும்.

கேலக்ஸியில் செய்திருந்தால் ஹிஸ்டரியையும் அதிலிருந்து எடுத்த வொர்க்ஃப்ளோவையும் பகிருங்கள். ஒவ்வொரு கருவியின் பதிப்பும் அமைப்பும் அதில் பதிவாகியிருக்கும், முறைகள் பகுதியில் "இயல்பான அமைப்புகள் பயன்படுத்தப்பட்டன" என்று எழுதித் தப்பிக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு அனுப்பும் டிஎன்ஏ சோதனையின் கச்சாக் கோப்பை ஓர் இணையதளத்தில் போட்டேன், புற்றுநோய் மாறுபாடு இருக்கிறது என்கிறது. பயமாக இருக்கிறது.

பதறாதீர்கள். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் முழு ஜீனோமைப் படிப்பதில்லை, சில லட்சம் இடங்களைச் சிப்பில் பார்க்கின்றன, அரிதான மாறுபாடுகளில் சிப் நிறையத் தவறும். 2018-இல் ஒரு பரிசோதனைக் கூடம் இப்படி வந்தவற்றை மறுபடி சோதித்தபோது, கச்சாக் கோப்பில் சொல்லப்பட்ட மாறுபாடுகளில் 40 விழுக்காடு உண்மையில் இல்லவே இல்லை. அதனால் "இருக்கிறது" என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், "இல்லை" என்றும் விட்டுவிடாதீர்கள். மரபியல் ஆலோசகரைப் பார்த்து, மருத்துவத் தரத்தில் ஒரு மறுசோதனை செய்துகொள்ளுங்கள். அது வரை அந்தக் கோப்பை வேறு எந்தத் தளத்திலும் ஏற்ற வேண்டாம்.

என் விசிஎஃப்-ஐ ஜிப் செய்துதான் வைத்திருக்கிறேன், ஆனாலும் டேபிக்ஸ் இன்டெக்ஸ் போட மறுக்கிறது.

சாதாரண ஜிஜிப் போட்டிருப்பீர்கள். பிரித்துவிட்டு பிஜிஜிப்பில் சுருக்குங்கள், இடத்தின் வரிசைப்படி அடுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் ஓடும்.