பாலத்தை மூடினால் வண்டிகள் எங்கே போகும்?

கேள்வி: நான் தினமும் காரில் கடக்கும் பெரிய பாலத்தைப் பழுதுபார்ப்பதற்காகப் பல மாதங்களுக்கு மூடப்போகிறார்கள். அதில் போகும் வண்டிகள் எல்லாம் மாற்றுப்பாதைக்கு வந்தால் அது தாங்குமா? இப்போதே குறுக்குவழி தேடி வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: எல்லா வண்டிகளும் வராது. குழாயை ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் மறுபக்கம் பீறிடும். வண்டி ஓட்டுகிறவருக்கோ யோசிக்கத் தெரியும். அவர் முன்னதாகக் கிளம்புவார், இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடிப்பார், சில நாள் போகாமலே இருந்துவிடுவார்.

சாலையை மூடியோ குறுக்கியோ பார்த்த எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களின் விவரங்களைத் தொகுத்து, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சாலி கெய்ர்ன்ஸ், பில் குட்வின் முதலானோர் 2002இல் வெளியிட்டார்கள். அவற்றில் பாதி இடங்களில், முன்பு அங்கே ஓடிய வண்டிகளில் 11 சதவீதத்துக்கும் மேல் சுற்றுவட்டாரச் சாலைகளில்கூடக் காணவில்லை! இது சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஆனால் நிரம்பி வழியும் சாலையில் பத்தில் ஒரு வண்டி குறைந்தாலே நெரிசல் நன்றாக இளகிவிடும். மீதிப் பாதி இடங்களையும் மறக்க வேண்டாம்; அங்கே குறைவு அவ்வளவு இல்லை.

2007 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்தது. பதின்மூன்று பேர் இறந்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 1,40,000 வண்டிகள் கடந்த பாலம் அது. அதன் பிறகு மக்கள் பெரும்பாலும் மாற்றிக்கொண்டது வழியையும் கிளம்பும் நேரத்தையும்தான். காரை விட்டுப் பஸ்ஸில் ஏறியவர்கள் குறைவு. இது எனக்கு வியப்பளிக்கவில்லை. காரை விட்டு இறங்க நமக்கு அவ்வளவு எளிதில் மனம் வராது.

ஆகவே குறுக்குவழியை இப்போதே முடிவு செய்யாதீர்கள். உங்கள் கைப்பேசி காட்டும் சந்து ஊரில் உள்ள எல்லாக் கைப்பேசிகளிலும் தெரியும். முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள். அரை மணி முன்னதாகவோ பின்னதாகவோ கிளம்ப அலுவலகம் அனுமதித்தால் அதுவே பெரிய லாபம். முதல் சில நாட்களை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். எச்சரிக்கைக்குப் பயந்து பலர் வீட்டிலேயே இருந்துவிடுவதால் சாலை காலியாகக் கிடக்கும். 2011 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸின் 405ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு பகுதியை வார இறுதியில் மூடியபோது இப்படித்தான் நடந்தது. உங்கள் பாலமோ பல மாத விவகாரம். பதுங்கியவர்கள் அடுத்த வாரமே வெளியே வருவார்கள்.

கேள்வி: பாலம் திறந்த பிறகு எல்லாரும் பழைய வழிக்கே திரும்பிவிடுவார்களா?

பதில்: பெரும்பாலோர் திரும்புவார்கள். ரயிலில் ஓர் உதாரணம் உண்டு. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் வேலைநிறுத்தத்தால் வேறு வழியில் போக நேர்ந்தவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவர், ரயில்கள் மீண்டும் ஓடிய பிறகும் புது வழியை விடவில்லை. அத்தனை வருடம் அவர்கள் சுற்றிப் போயிருக்கிறார்கள் போலும்!